எம்.பி.க்கு எழுதினால் பயன் உண்டா?

அன்புள்ள ஐயா,

ஒரு மசோதாவை எதிர்த்து எங்கள் தொகுதி எம்.பி.க்கு நான்கு முறை எழுதினேன். பதிலே இல்லை, மசோதாவும் நிறைவேறிவிட்டது. நாம் எழுதுவதை யாராவது படிக்கிறார்களா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இணைத்திருந்த கடிதத்தைப் படித்தேன். கோபம் நியாயமானது. ஆனால் எந்தப் பிரிவை எப்படி மாற்ற வேண்டும் என்று அதில் ஓரிடத்தில்கூட இல்லை. அப்புறம், நீங்கள் எழுதியபோது மசோதா வாக்கெடுப்புக்கே வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் எம்.பி.யின் கை கட்டப்பட்டிருக்கும். கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை, மீறி வாக்களித்தால் பதவியே போகலாம், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி.

எழுத வேண்டிய நேரம் அதற்கு முன்னால், மசோதாவைப் பிரிவு பிரிவாக ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுவில் அது இருக்கும்போது. அங்கே கொறடா கிடையாது. பல மசோதாக்களுக்குக் குழுவே நாளிதழில் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கிறது, அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை என்பது பெரிய குறை, குழுவுக்கு அனுப்பச் சொல்லியும் எம்.பி.க்கு எழுதலாம்.

திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநர்களுக்கான சட்டத்தையே பாருங்கள். தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா (அரசு அல்லாமல் ஓர் உறுப்பினரே கொண்டுவருவது) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை. 2016-இல் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் திருநர் என்றால் முழு ஆணும் அல்லாத, முழுப் பெண்ணும் அல்லாத ஒருவர் என்கிற மாதிரி ஒரு வரையறை. அடையாளச் சான்று கேட்டால் மாவட்டக் குழு ஒன்று ஆராய்ந்து சொல்லுமாம். பிச்சையெடுக்க வைப்பது குற்றம் என்று ஒரு பிரிவு வேறு, அதை வைத்துக் காவல்துறை தங்களையே பிடிக்கும் என்று திருநர்கள் பயந்தார்கள். 'மசோதா வேண்டாம்' என்பதோடு நிற்காமல், இந்த வரி எங்கள் வாழ்க்கையில் இன்னது செய்யும் என்று பிரிவு பிரிவாக நிலைக்குழுவிடம் சொன்னார்கள், தெருவிலும் போராடினார்கள். 2018-இல் மக்களவை நிறைவேற்றியபோது அந்த வரையறை மாறியிருந்தது. 2019-இல் அரசு மறுபடி கொண்டுவந்த மசோதாவில் மாவட்டக் குழுவும் இல்லை, பிச்சை பற்றிய பிரிவும் இல்லை. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும் என்பது சட்டத்தில் அப்படியே நின்றது. ஆனாலும் ஒரு சட்டத்திலிருந்து அந்த வரிகள் போனது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, அடுத்த முறை ஒரே பக்கம் எழுதுங்கள். எந்தத் தொகுதி, எந்த ஊர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மசோதாவின் பெயர், பிரிவு எண், அது உங்கள் வீட்டையோ வேலையையோ எப்படித் தொடும், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும், இவ்வளவு போதும். குழுவுக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று. அனுப்பும் முன் எனக்கும் ஒரு நகல் போடுங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.