கறவையும் கரோவாவும் உறவா?

கேள்வி: ரஷ்ய மொழி படித்து வருகிறேன். பசுவை அங்கே ‘கரோவா’ என்கிறார்கள். லித்துவேனிய மொழியில் ‘கர்வே’. நம் ‘கறவை’யை உரித்து வைத்தது போல இருக்கிறதே! இரண்டும் ஒரே வேர் என்று கட்டுரையில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். ஒலி ஒற்றுமை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு சொற்களின் பிறப்பும் வேறு வேறு.

முதலில் அந்த ‘க’வைப் பாருங்கள். ரஷ்யர்கள் எழுதுவது ‘கொரோவா’. அழுத்தம் விழாத ஒகரம் அவர்கள் வாயில் அகரம் போல ஒலிக்கும். உங்கள் காதில் ‘கரோவா’ என்று விழுந்தது அதனால்தான். போலிஷில் இதே சொல் ‘க்ரோவா’, செர்பியத்தில் ‘க்ரவா’. தாடிக்கான சொல்லும் இதே தடத்தில்தான் போகிறது: எழுத்தில் ‘பொரொதா’, ‘ப்ரொதா’, ‘ப்ரதா’. இந்த ஒழுங்கை வைத்துத்தான் இம்மூன்று மொழிகளுக்கும் தாயான ஆதி ஸ்லாவியத்தின் வடிவம் *கொர்வா என்று மீட்டெடுத்தார்கள். முன்னால் உள்ள உடுக்குறிக்கு, எந்த ஏட்டிலும் பதிவாகாத, கணித்து அறிந்த வடிவம் என்று பொருள்.

சரி, பொருள்? ‘கொம்புள்ளது’. லத்தீனில் கலைமானுக்கு ‘கெர்வுஸ்’, வேல்ஸ் மொழியில் ‘கரு’, இரண்டும் இதே வேர். லித்துவேனியத்துக்கு உறவான, இன்று வழக்கொழிந்த பழைய பிரஷ்ய மொழியின் ‘குர்விஸ்’ என்பதோ எருது! எருதையும் கலைமானையும் யார் கறப்பது?

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்தக் கொம்பு வேரின் பழைய ககரம் சமஸ்கிருதத்திலும் ஸ்லாவிய, பால்டிக் (லித்துவேனியம், பழைய பிரஷ்யம் போன்றவை) மொழிகளிலும் சகர இன ஒலியாக மாறியிருக்க வேண்டும். சமஸ்கிருதத்தில் மாறியது: தமிழுக்கு வந்த ‘சிருங்கம்’, ‘சிரம்’ இரண்டும் அந்த வழி வந்தவை. ஸ்லாவியத்திலும் மானுக்கு மாறியது, போலிஷில் ‘சர்னா’. பசுவுக்கு மட்டும் ககரம் அப்படியே நிற்கிறது. 1400 வாக்கில் படியெடுக்கப்பட்ட எல்பிங் சொற்பட்டியலில் 802 பிரஷ்யச் சொற்கள் உண்டு. அதில் ‘சிர்விஸ்’ (மான்), ‘குர்விஸ்’ (எருது) இரண்டுமே இருக்கின்றன. ககரம் மாறாத வேறொரு மொழியிலிருந்து மாட்டுப் பெயரைக் கடன் வாங்கினார்கள் என்பது ஒரு சாரார் கருத்து. ரகரம் போன்ற ஒலிக்கு முன்னால் ககரம் சில வடிவங்களில் மாறாமல் தங்கிவிட்டது என்பது இன்னொரு சாரார் வாதம். பால்டிக், ஸ்லாவிய மொழிகளில் இப்படி இரட்டையாக நிற்கும் சொற்கள் இன்னும் சில இருப்பதால் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.

கறவைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ‘கற’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. கன்னடத்தில் ‘கறெ’, மலையாளத்தில் ‘கறக்குக’. வேரிலேயே இருப்பது வல்லின றகரம், பொருள் பால் கறப்பது. கொம்புக்கு இங்கே வேலையே இல்லை.

அப்புறம், மாட்டுக்குள் ஓர் உண்மையான உறவு வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன். கோமாதா, கோசாலையில் வரும் சமஸ்கிருதக் ‘கோ’வும், ரஷ்யர்கள் மாட்டிறைச்சிக்குச் சொல்லும் ‘கவ்யாதினா’வும் ஒரே வேர். ஆங்கிலத்தின் ‘கௌ’வும் அதே குடும்பம்தான்.