100 அளவு கொடுத்தும் போதவில்லையே!

கேள்வி: ஆரக்கிள் தரவுத்தளத்தின் பிஎல்/எஸ்க்யூஎல் மொழியில் எழுதிய புரொசீஜரில், 100 அளவுள்ள வார்கேர்2 (எழுத்துச் சரம் வைக்கும் வகை) மாறியில் 40 எழுத்துள்ள தமிழ்ப் பெயரைப் போட்டாலே இடம் போதவில்லை என்று 'ஓஆர்ஏ-06502' பிழை வருகிறது. ஏன்?

பதில்: அந்த 100 என்பது எழுத்துக் கணக்கு இல்லை, பொதுவாக பைட் கணக்கு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும், 'தமிழ்' என்ற சொல்லில் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் 5 குறிகள், ஆக 15 பைட் அங்கேயே போய்விடும். '100 கேர்' (அதாவது 100 குறிகள்) என்று அறிவித்தால் சரியாகும். அதைவிட நல்லது, டேபிளின் நெடுவரிசையையே காட்டி %டைப் (அதன் வகையையும் அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் குறிப்பு) போடுவது, நாளை அதன் அளவைக் கூட்டினால் மாறியும் கூடவே மாறும். அப்புறம், மாறியில் 32,767 பைட் வரை பிடிக்கும், ஆனால் நெடுவரிசையில் வழக்கமாக 4,000தான். அதையும் தாண்டும் என்றால் சிஎல்ஓபி (மிக நீண்ட உரைக்கான வகை) எடுங்கள். பிழையை மறைக்க சப்ஸ்டர் போட்டு வெட்ட மட்டும் வேண்டாம், தரவு சத்தமில்லாமல் தொலைந்துவிடும்.