கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை: கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என்னிடம் இருப்பது 18 வருடப் பழைய பெட்ரோல் கார். தினமும் 30 கிலோமீட்டர் போல ஓடுகிறது. சில மாதங்களாக கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றவேண்டியிருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் வழக்கம்போல நடுவில்தான் நிற்கிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கவேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் செய்யாதீர்கள். இருவரில் ஒருவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தவரை, இரண்டு பேருமே எந்தச் சோதனையும் செய்ததாகத் தெரியவில்லை. கூலன்ட் கசிவை ஊகத்தில் சரிசெய்யத் தொடங்கினால் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போகவேண்டியதுதான். கசிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்கவேண்டும்.

முதலில் ஓட்டலாமா என்ற கேள்வி. இந்த அளவு குறைவுக்கு, பக்கத்துப் பயணங்கள் போகலாம். ஆனால் தினமும் காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, அளவைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவேண்டும். நெடும்பயணம் வேண்டாம். முள் நடுவில் நிற்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். அந்த சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைக் காட்டும். கூலன்ட் மிகவும் குறைந்து, சென்சாரைச் சுற்றி காற்றோ ஆவியோ நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் நடுவில் நிற்கலாம், கீழே இறங்கவும் செய்யலாம். முள் ஏறினால் உடனே ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் கொஞ்சம் வெப்பத்தை அது வெளியேற்றும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிடும், விரிசல்கூட விடலாம். சின்னக் கசிவு பெரிய செலவாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்து, குறைவதை ஒழுங்காக அளந்து பாருங்கள். கூலன்ட் சூட்டில் விரியும். அதனால் சாயங்காலம் பார்த்த அளவையும் காலையில் பார்த்த அளவையும் ஒப்பிடக் கூடாது. ஆறிய நிலையில் கூலன்ட் டேங்க்கின் மேல் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். உங்கள் வண்டியில் மூடி எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சில கார்களில் அழுத்தம் தாங்கும் மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும், பக்கத்தில் உள்ள பாட்டில் வெறும் ரிசர்வ் மட்டும்தான். அப்படிப்பட்ட வண்டியில் பாட்டில் நிறைந்திருக்கும்போதே ரேடியேட்டர் காலியாக இருக்க முடியும். ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். வேறு கார்களில் அந்த பிளாஸ்டிக் டேங்க்கே அழுத்தத்துக்குள் இருக்கும், மூடியும் அதன் மேலேயே இருக்கும். அவற்றில் டேங்க்கைப் பார்த்தால் போதும்.

இனி உங்களைக் குழப்பும் விஷயம்: கீழே சொட்டு இல்லையே, அப்புறம் கூலன்ட் எங்கே போகிறது?

கூலன்ட் ஓடும் பாதை பிரஷர் குக்கர் மாதிரி மூடி அடைக்கப்பட்ட ஒன்று. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். வண்டி சூடாகி அந்த அழுத்தம் வரும்போதுதான் பல மெல்லிய விரிசல்கள் வாய் திறக்கும். வெளியே வரும் துளி சுடச்சுட இருக்கும். அது இன்ஜினின் சூடான உலோகத்தில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும், சாயமும் உப்பும் மட்டும் காய்ந்து தங்கும். ஓடும்போது காற்றடித்துச் சிதறியது போக மிச்சம், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பில் தேங்கி அங்கேயே உலர்ந்துவிடும். தரை காய்ந்தே இருக்கும்.

அதனால் ‘எங்கே கசிகிறது’ என்று தேடுவதற்கு முன், ‘எப்போது கசிகிறது’ என்று பாருங்கள். தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ராத்திரி முழுவதும் நின்ற வண்டியின் அடியில் காலையில் ஒரு சின்ன ஈரம், வண்டி சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் அது குளிர்ந்த கசிவு. ஆறும்போது உலோகமும் ரப்பரும் சுருங்கும். வயதாகி விறைத்துப்போன ஹோஸ், தன் பிடியை விட்டுவிடும். இங்கே ஹோஸ் கிளிப்புகளைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஓடும்போது மட்டும் குறைகிறது என்றால் அழுத்தத்தில் திறக்கும் விரிசல்: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், பிளாஸ்டிக் இணைப்புகள். பலரும் பார்க்கத் தவறுகிற மூன்றாவது நேரம் ஒன்று உண்டு. வண்டியை அணைத்த பிறகு வரும் பத்து நிமிடம். பம்ப் நின்றுவிட்டது, கூலன்ட் ஓடவில்லை. ஆனால் இன்ஜினில் தேங்கிய வெப்பம் முழுக்க அந்த அசையாத கூலன்ட்டுக்குள் இறங்குகிறது. வெப்பமும் அழுத்தமும் ஓடியபோது இருந்ததைவிட ஏறும். நீங்கள் வீட்டுக்குள் போய்விட்ட பிறகு கசிந்து, காலைக்குள் காய்ந்தும் விடும். ஆகவே ஒருநாள் நன்றாக ஓட்டி வந்து அணைத்ததும் பானெட்டைத் திறந்து, கையில் ஒரு டார்ச்சோடு அங்கேயே நில்லுங்கள். சீறும் சத்தம், இனிப்பு கலந்த வாடை, எங்காவது எழும் மெல்லிய ஆவி, எது தெரிந்தாலும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி தானாகவே ஓடத் தொடங்கலாம், கையை விலக்கியே வையுங்கள். அடித் தடுப்பைக் கழற்றிவிட்டு, கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்தால் துளி விழுந்த இடமும் தெரியும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு நிறமோ வாடையோ வழவழப்போ இருக்காது.

மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில் காய்ந்த தடங்களைத் தேடுங்கள். வெள்ளையாகவோ, உங்கள் கூலன்ட்டின் நிறத்திலோ பொருக்கு படிந்திருக்கும். திரவம் கீழ்நோக்கி வழியும், ஓடும் வண்டியில் பின்பக்கமாகவும் இழுபடும். அதனால் தடம் இருக்கும் இடத்தில் கசிவு இருக்கவேண்டியதில்லை. தடத்தைப் பிடித்து மேலே ஏறி, எல்லாவற்றுக்கும் உச்சியில் ஈரமாக இருக்கும் புள்ளிக்குப் போங்கள்.

இத்தனை வயதான வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டர் மூடியைத்தான். அதன் ரப்பர் விறைத்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அழுத்தம் நிற்காது. கூலன்ட் பாட்டிலுக்குத் தள்ளப்பட்டு, வழிந்து, சாலையிலேயே போய்விடும். எங்கும் விரிசல் இருக்காது, ஆனாலும் குறைந்துகொண்டே இருக்கும். மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வு உண்டு. இன்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால் ஆறிய நிலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடக்கும். இது மிகத் தெளிவான அடையாளம். இங்கே மாற்றவேண்டியது மூடி மட்டுமே. புது மூடி வாங்கும்போது பழையதில் குறிப்பிட்டிருக்கும் அழுத்த அளவிலேயே வாங்குங்கள்.

ரேடியேட்டரில் நடுவில் இருக்கும் அலுமினியப் பகுதியைவிட, அதுவும் பிளாஸ்டிக் டேங்க்கும் சேரும் மடிப்பு ஓரம்தான் வயதில் முதலில் தளரும். அந்த நீளம் முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ்களை ஆறிய நிலையில் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உப்பியிருந்தாலும், நொறுங்குகிற சத்தம் வந்தாலும், கிளிப்பை ஒட்டிய ஓரிரு அங்குலத்தில் வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வாட்டர் பம்ப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். அதன் உடலில், அடிப்பக்கமாக, ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வருவதற்காகவே அந்தத் துளை வைத்திருக்கிறார்கள். லேசான பழைய கறை இருந்தால் கவலை வேண்டாம். புதிதாக வழிந்த கோடு இருந்தால் பம்ப்பின் காலம் முடிந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றி, புல்லியை ஆட்டிப் பார்த்தால் ஆட்டமும் தெரியும். சில இன்ஜின்களில் பம்ப்பைச் சுற்றுவதே, வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்தான். அங்கே பம்ப் ஒரு கவருக்குள் ஒளிந்திருக்கும். கசிவு வெளியே தெரியாமல் பெல்ட்டை நனைத்துக்கொண்டிருக்கும். நனைந்த பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ, பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். உங்கள் வண்டி அந்த வகையா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆம் என்றால், அந்தக் கவரைத் திறந்து பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டிக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு கொடுக்கும் சின்ன ரேடியேட்டர்) கசிந்தாலும் தரையில் சொட்டு விழாது. டேஷ்போர்டுக்குக் கீழே கார்பெட் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். ஹீட்டர் போட்டால் இனிப்பு வாடை வரும், முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப்படலம் படியும். இவற்றோடு, வருடக்கணக்கில் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி என்றால், இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு பிளக்குகள் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டை விழும். அவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு மெக்கானிக்குகளும் முதலிலேயே செய்திருக்கவேண்டியது இதுதான். ஆறிய இன்ஜினில் கூலன்ட்டை நிரப்பி, மூடி இருந்த இடத்தில், அழுத்தம் காட்டும் முள் உள்ள ஒரு கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவுவரை மட்டும் அழுத்தம் ஏற்றி, கால்மணி நேரம் விட்டுவிடுவார்கள். முள் அசையாமல் நின்றால், இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, மறுபடி முழுக்க ஆறியபின் திறந்து இன்னொரு முறை ஏற்றிப் பார்க்கலாம். சூட்டில் விரிந்து சுருங்கியபின் காட்டிக்கொடுக்கும் கசிவுகள் உண்டு. முள் இறங்கினால் எங்கேயோ போகிறது. சுற்றிலும் ஈரத்தைத் தேடவேண்டும். அதே கருவியில் மூடியையும் தனியாகச் சோதிக்கலாம், கேட்டு வாங்குங்கள். மிக மெதுவான கசிவுக்கு, கூலன்ட்டில் புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தைக் கலந்து சில நாட்கள் ஓட்டிவிட்டு, இருட்டில் அந்த விளக்கை அடித்துப் பார்ப்பது நல்ல வழி.

பிரஷர் டெஸ்ட்டில் முள் இறங்குகிறது, ஆனால் ஈரம் வெளியிலும் இல்லை, கார்பெட்டிலும் இல்லை என்றால்தான் ஹெட் கேஸ்கட் பேச்சு வரவேண்டும். அப்போதும் அத்தாட்சி கேளுங்கள். ரேடியேட்டரின் வாயில் நீலத் திரவம் நிரப்பிய ஒரு குழாயை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்திருந்தால், அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடால் நீலம் மஞ்சளாக மாறும். இதைத் தவிர நீங்களே பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, இன்ஜின் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வருகிறதா? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல பளிச்சென்று இருக்கிறதா? ஆயில் மூடிக்கு அடியில் பால்போன்ற படிவு இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பயப்படவேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதம் படிந்தும் அது வரும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால்நிறமாக இருந்தால் மட்டும் வண்டியை மேலே ஓட்டாதீர்கள்.

நீங்கள் எழுதிய அளவையும், முள் நிலையாக இருப்பதையும், நீங்கள் வெள்ளைப்புகை பற்றி எதுவும் சொல்லாததையும் சேர்த்துப் பார்த்தால், மூடி, ரேடியேட்டர் மடிப்பு, வாட்டர் பம்ப் என்ற வரிசையில் தேடச் சொல்வேன். ரேடியேட்டர் என்று சொன்னவர் பக்கம் என் மனம் கொஞ்சம் சாய்கிறது. ஆனால் பிரஷர் டெஸ்ட்டில் ஈரத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

கசிவை அடைக்கும் மருந்து என்று விற்கும் திரவங்களை ஊற்றவேண்டாம். ஓட்டையை அடைக்கும் அதே பொருள், ஹீட்டர் கோரிலும் ரேடியேட்டரிலும் இருக்கும் மெல்லிய பாதைகளையும் அடைக்கும். குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கலவை நீர்த்துப்போய் துருவும் உப்பும் சேரும். டிஸ்டில்டு வாட்டரும் சரியான கூலன்ட்டும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்து கூலன்ட் வாங்கவும் கூடாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு நிறம் கொடுக்கிறார்கள். வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைப் பாருங்கள்.

எதை மாற்றினாலும், கூலன்ட்டை வடித்த கையோடு பழைய ஹோஸ்களையும், சூட்டுக்கேற்ப கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுவது நல்லது. நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். காற்று நின்றுவிட்டால் புது ரேடியேட்டர் போட்டும் முள் ஏறி இறங்கும். பிறகு பிரஷர் டெஸ்ட்டை மறுபடி செய்யச் சொல்லுங்கள். முதல் ஓரிரு நாளில் மிச்சக் காற்று வெளியேறி அளவு கொஞ்சம் இறங்கலாம், நிரப்பிவிட்டு ஒரு வாரம் டேப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடித்த கூலன்ட்டை மட்டும் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் கடும் விஷம், ஆனால் இனிக்கும். குழந்தைகளும் நாய், பூனையும் வாய்வைத்தால் சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.