அடுப்புப் புகையும் உப்பள வெயிலும்: மருத்துவர் பதில்கள்

வடசென்னையில் தொழிற்சாலைகள் நிறைந்த மணலியில் குடியிருக்கிறோம். எனக்கு ஐந்தாம் மாதம். நான் இழுக்கிற புகை வயிற்றுப் பிள்ளைக்கும் போகுமா?

போகும் அம்மா. மறைத்துச் சொல்லிப் பயனில்லை. பிஎம் 2.5 என்கிற நுண்தூசு தலைமுடியின் பருமனில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். அதிலும் மிக நுண்ணியவை நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடும். நஞ்சுக்கொடியில் குழந்தை இருக்கிற பக்கத்திலேயே கரித்துகள்கள் படிந்திருப்பதை 2019இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் தமிழ்நாட்டிலேயே 1,285 கர்ப்பிணிகளைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் ஆராய்ந்தார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் தூசு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்திருந்தது.

4 கிராமுக்குப் பயந்து வீடு மாற வேண்டியதில்லை. ஆனால் தாய்க்கு ரத்தசோகையும் இருந்தால், ஒன்றோடு ஒன்று சேர்ந்து பிள்ளையைப் பாதிக்கும். அதனால் இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். கொசுவர்த்திச் சுருளை இன்றே நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் கக்கும் நுண்தூசு, 75 முதல் 137 சிகரெட்டுகள் கக்குவதற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம். மருமகள் உப்பளத்தில் வேலை செய்கிறாள், மூன்று மாதக் கர்ப்பிணி. அடிக்கடி தலைச்சுற்றுகிறது என்கிறாள். நானெல்லாம் பிரசவ வலி வரும்வரை வேலை பார்த்தவள்.

நீங்கள் பட்ட பாடு உண்மைதான். அதற்காக அவளும் பட வேண்டுமா? உப்பளம், செங்கல் சூளை, வயல் என்று பல இடங்களில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளை அதே ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் ஆராய்ந்து, 2024இல் முடிவை வெளியிட்டது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும்போது கருப்பைக்குப் போகிற ரத்தம் குறையலாம். உடலில் நீர் வற்றினால் இன்னும் மோசம்.

இதில் என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பல பெண்கள் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் சிறுநீர்த் தொற்று வரும், அதுவும் கருவுக்கு ஆகாது. ஒரு நிழற்கொட்டகையும் கழிப்பறையும் கேட்பது சலுகை கேட்பதாகாது. நீங்கள் நாலு பெண்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள். அதுவரை மருமகள் விடியற்காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்பட்டும். கூலி குறையும், தெரியும். தலைச்சுற்றல் வந்தால் அன்று வேலை வேண்டாம். அப்புறம், இந்த வாரமே செவிலியரிடம் காட்டி ரத்த அழுத்தம் பாருங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. பீடி, சிகரெட் பக்கம் போனதே இல்லை. சிஓபிடி என்கிறார்களே, எப்படி?

சிஓபிடி என்பது மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சிரைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். அம்மா நாற்பது வருடம் விறகடுப்பு ஊதியிருப்பார். புகைக்காத பெண்களுக்கு இந்த மூச்சிரைப்பு வர அது முக்கியமான காரணம். மருந்தோடு கேஸ் அடுப்புக்கும் மாற்றுங்கள். வெந்நீர் போடக்கூட விறகு வேண்டாம்.

ஒன்பது வயது மகனுக்கு வீசிங். போகி வந்தாலே பயமாக இருக்கிறது. இன்ஹேலர் பழகிவிடுமாமே?

பழகாது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும். 2018 போகியன்று சென்னையில் விமானங்களைத் திருப்பிவிடும் அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்தது. அப்படிப்பட்ட காலையில் பையனை வெளியே விடாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் போடுங்கள், கைக்குட்டையால் பயனில்லை.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. தெற்குக் கலிபோர்னியாவில் காற்று சுத்தமாக ஆக, அங்கே வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முந்தைய பிள்ளைகளுடையதைவிட நன்றாக வளர்ந்தது. தெருவில் டயர் எரிப்பவரிடம் தைரியமாகப் பேசுங்கள்.

அப்பாவுக்கு 74. பிரஷருக்கு, சிறுநீரை அதிகம் போக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறார். தாகமே இல்லை என்கிறார். கத்திரி வெயிலில் என்ன செய்வது?

வயதானால் தாக உணர்வு மங்கும், வியர்வையும் குறையும். தாகத்தை நம்பாமல் மணிக்கொரு தடவை அரை டம்ளர் நீங்களே கொடுங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் வியர்வை காயாது, இரவிலும் சூடு இறங்காது. படுக்கும்முன் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை தண்ணீர் தெளித்து விசிறுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.