கேவண்டிஷ்: பெயர் ஓர் ஊர், சொத்து வேறோர் ஊர்

கேவண்டிஷ் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அந்தக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து எங்கே இருக்கிறது என்பது கேள்வி.

பெயர் விஷயம் எளிது. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் கேவண்டிஷ் என்றே ஒரு கிராமம் உண்டு. அங்கே நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஊர்ப் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. அதில் ஒருவர், சர் ஜான் கேவண்டிஷ், தலைமை நீதிபதி வரைக்கும் போனார். 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் தலையை வெட்டிவிட்டார்கள், பாவம்.

ஆனால் குடும்பம் பேர்போனது டெர்பிஷயர் சொத்துகளால். அதற்குக் காரணம் ஒரு பெண். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது அந்த வேலையில் இருந்த அதிகாரி வில்லியம் கேவண்டிஷ். நிலமும் கணிசமாகச் சேர்த்தார். 1547இல் அவர் மணந்த பெஸ், டெர்பிஷயரில் ஹார்ட்விக் என்ற ஊர்க்காரர். மனைவியின் பிறந்த வீட்டுப் பக்கமே போய்விடலாம் என்று மற்ற இடங்களில் இருந்த நிலத்தை விற்று, 1549இல் 600 பவுண்டுக்கு அங்கே சாட்ஸ்வொர்த் என்ற எஸ்டேட்டை வாங்கினார்கள். வில்லியம் பெஸ்ஸின் இரண்டாவது கணவர்; அவர் இறந்த பிறகும் பெஸ் இரண்டு முறை மணந்தார். மொத்தம் நான்கு கணவர்கள், நால்வருமே அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஹார்ட்விக்கில் புது மாளிகை எழுப்பினார். கண்ணாடி விலை கொள்ளையாக இருந்த காலத்தில் முகப்பு முழுக்க ஜன்னல்! கோபுர உச்சிகளில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பெரிதாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார், தூரத்திலிருந்தே படிக்கலாம்.

பட்டம் இன்னொரு கூத்து. 1694 முதல் இவர்கள் டெவன்ஷயர் டியூக்குகள். டெவன்ஷயர், அதாவது டெவன் மாவட்டம், இருப்பதோ இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில்; சொத்து இருக்கும் டெர்பிஷயரோ நடு இங்கிலாந்தில்!

அப்புறம், நம் கடைகளில் ஜி9 என்று விற்கும் வாழைப்பழம் கேவண்டிஷ் வகைதான். 1830களில் சாட்ஸ்வொர்த் கண்ணாடிக் குடிலில் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்த வாழைக்கு, ஆறாவது டியூக்கின் குடும்பப் பெயரை வைத்தார்கள்.

1950இல் பத்தாவது டியூக் இறந்ததும் 80 சதவீத வாரிசு வரி வந்து விழுந்தது. அதற்கு ஈடாக ஹார்ட்விக் கைவிட்டுப் போய், இப்போது பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் இன்றும் குடும்பம் வசிக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். ஒரே ஒரு வீட்டைப் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் ஹார்ட்விக்கைத்தான் சொல்வேன். சாட்ஸ்வொர்த்தைப் பின்னால் வந்தவர்கள் இடித்துக் கட்டிவிட்டார்கள். பெஸ் கட்டியபடியே நிற்பது ஹார்ட்விக்தான்.