கவுண்டி வேலையில் ஓய்வுக்குப் பிறகும் மருத்துவக் காப்பீடு: 25 வருடம் கழித்து அந்தப் பணம் இருக்குமா?

கேள்வி: என் மனைவிக்கு கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டி அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் மருத்துவக் காப்பீட்டுக்குக் கவுண்டியே பணம் கட்டும் என்கிறார்கள். அவ்வளவு காலம் கழித்து அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நம்பலாமா?

பதில்:

நானும் கலிஃபோர்னியாவில் ஒரு நடுத்தரக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பட்ஜெட் பிரிவில் பதினொரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எந்தக் கவுண்டி என்பது வேண்டாம். பென்ஷனைப் பற்றிக் கேட்டிருந்தால் தயங்காமல் "நம்பலாம்" என்றிருப்பேன். மருத்துவக் காப்பீடு என்றால், "எந்த டியர்? எங்கே எழுதியிருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். டியர் என்பது, எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்பதை வைத்துப் பிரிக்கும் சலுகைப் பிரிவு.

இரண்டும் ஒரே அலுவலகத்தில், ஒரே நாளில் கொடுக்கப்படும் வாக்குறுதிகள்தான். ஆனால் பென்ஷனுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இந்த மாநிலத்தின் 58 கவுண்டிகளில் 20 கவுண்டிகள் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொந்தமாக ஓய்வூதிய நிதி நடத்துகின்றன. ஒவ்வொரு சம்பளத்திலும் ஊழியர் பங்கு பிடிக்கப்படும், கவுண்டி தன் பங்கைப் போடும், பணம் முதலீட்டுக்குப் போகும். மருத்துவத்துக்கு இப்படி எந்த உண்டியலும் பல காலம் கிடையாது. இந்த வருடம் எத்தனை ஓய்வூதியர்களோ அத்தனை பேருக்கான பிரீமியத்தை இந்த வருட வரிப்பணத்திலிருந்து கட்டுவது, அவ்வளவுதான். 'பே அஸ் யூ கோ' என்பார்கள். வந்த பில்லைக் கட்டுவது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதில் என்ன தவறு? உங்கள் மனைவி இந்த வருடம் வேலை பார்ப்பதால் உருவாகும் செலவு, 2050 வாக்கில் வரி கட்டப்போகிறவர்கள் தலையில் விழுகிறது. இன்றைய பட்ஜெட்டில் அது ஒரு பைசாவாகக்கூடத் தெரியாது. தெரியாத செலவை வாரி வழங்குவது சுலபம். சம்பள உயர்வு கேட்ட ஊழியர் சங்கங்களிடம், "சம்பளம் முடியாது, ஓய்வுக்குப் பின் மருத்துவம் தருகிறோம்" என்று பல இடங்களில் கை குலுக்கியது இதனால்தான்.

2004-இல் அரசுக் கணக்கியல் தர வாரியம் 45-ஆம் எண் விதியைக் கொண்டுவந்தது. நாங்கள் அந்த வாரியத்தை 'கேஸ்பி' என்போம். பென்ஷன் தவிர்த்த ஓய்வுக்காலச் சலுகைகளை, அதாவது எங்கள் பாஷையில் 'ஓபெப்'பை, கணக்குப் போட்டுச் சொல்லியே ஆக வேண்டும் என்றது அந்த விதி. 2015-இல் வந்த 75-ஆம் விதி, அந்தத் தொகையை ஐந்தொகையிலேயே கடனாகக் காட்டு என்றது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு வந்த எண் 2,000 கோடி டாலருக்கும் மேல். அங்கே பழைய ஊழியர்களுக்கு 10 வருட சர்வீஸுக்குப் பிரீமியத்தில் 40 சதவீத மானியம், அதற்கு மேல் வருடத்துக்கு 4 சதவீதம், 25 வருடம் ஆனால் 100 சதவீதம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஒரு லட்சம் பேர் வேலை பார்க்கும் இடத்தில் அதைப் பெருக்கிப் பார்த்தால்தான் தலை சுற்றும்.

ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். ஷெரிஃப் துறை, அதாவது கவுண்டி போலீஸ், டெபுடி ஒருவர் 27 வருட சர்வீஸோடு 52 வயதில் ஓய்வு பெறுகிறார். முதியவர்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 65-இல்தான் வரும். நடுவில் 13 வருடம். மாதப் பிரீமியம் 1,500 டாலர் என்று வையுங்கள் (உதாரணத்துக்குத்தான்). விலை ஏறவே இல்லை என்றாலும் 2,34,000 டாலர். வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 3,40,000. இந்த 13 வருடம்தான் கவுண்டியின் முதுகெலும்பை முறிப்பது. 65-க்குப் பிறகு பெரும் பகுதியை மெடிகேர் சுமக்கும். அதிலும் ஒரு பழைய முடிச்சு உண்டு: 1986 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த உள்ளாட்சி ஊழியர்களில் பலர் மெடிகேர் வரியே கட்டியதில்லை. அவர்களில் சிலருக்கு மருத்துவமனைச் செலவுக்கான 'பார்ட் ஏ' இலவசமாகக் கிடைக்காது. இன்றும் எங்கள் பட்டியலில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

இந்தக் கடன் கணக்கைப் போடுவது ஆக்சுவரி, அதாவது காப்பீடு, ஓய்வூதியச் செலவுகளை முன்கூட்டிக் கணிக்கும் நிபுணர். அவர் தரும் அறிக்கையில் நான் முதலில் புரட்டுவது டிஸ்கவுண்ட் ரேட் இருக்கும் பக்கத்தைத்தான். பின்னால் கொடுக்க வேண்டிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் வட்டி விகிதம் அது. 20 வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய 100 டாலர், 3.5 சதவீதத்தில் கணக்கிட்டால் இன்றைக்கு 50 டாலர் கடன், 6.5 சதவீதம் என்றால் 28 டாலர்தான். யார் வேண்டுமானாலும் இஷ்டத்துக்கு 6.5 போட முடியாது. இதற்கென்றே ஒதுக்கிய தனி நிதியில், அதாவது ட்ரஸ்டில், பணம் போட்டு வைத்திருந்தால், அந்தப் பணம் தாங்கும் அளவுக்கு முதலீட்டு வருமான விகிதத்தை எடுக்கலாம். மிச்சத்துக்கு 20 வருட முனிசிபல் பத்திர வட்டிதான். ஆகவே ட்ரஸ்ட் தொடங்கி ஒழுங்காகப் பணம் போட்டால் இரட்டை லாபம்: கையில் பணமும் சேரும், காகிதத்தில் கடனும் இளைக்கும். இதற்காகவே மாநில அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸ் 2007-இல் ஒரு பொது ட்ரஸ்டை ஆரம்பித்தது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2012-இல் தனியாக ஒன்றைத் தொடங்கி, 2015-இல் படிப்படியாக முன்பணம் போடத் திட்டம் வகுத்தது.

அதே ஆக்சுவரி அறிக்கையில், மருத்துவச் செலவு உயர்வு முதல் வருடம் 7 சதவீதம், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி 4.5-இல் நிற்கும் என்று ஒரு அழகான படிக்கட்டு இருக்கும். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு அறிக்கையிலும் நாங்கள் முதல் படியிலேயே நிற்கிறோம்.

ஒரு வருடம் நன்றாகவே மாட்டிக்கொண்டோம். எங்கள் பட்ஜெட் ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை, காப்பீட்டு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஜூனில் கவுண்டியை நடத்தும் போர்டு பட்ஜெட்டை நிறைவேற்றும்போது ஜனவரிப் பிரீமியம் என்னவென்று தெரியாது, குத்துமதிப்புதான். நான் 5 சதவீதம் போட்டிருந்தேன். இலையுதிர் காலத்தில் வந்த புதுப்பிப்புக் கடிதத்தில் 11 சதவீதம். காலியாக இருந்த மூன்று பணியிடங்களை நிரப்பாமல் விட்டுச் சமாளித்தோம். அதில் ஒன்று நூலக வேலை. கிளை நூலகத்தின் சனிக்கிழமை நேரம் குறைந்ததற்கு என் எக்ஸெல்லில் ஒரு கட்டம் காரணம் என்று அங்கே போகிற யாருக்கும் தெரியாது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இங்கே ஆரஞ்ச் கவுண்டி கதையைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. 1994-இல் திவாலான அதே கவுண்டிதான், ஆனால் இது வேறு விஷயம். 1985 முதல் 2007 வரை வேலையில் இருப்பவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் ஒரே குழுவாக வைத்துப் பிரீமியம் கணக்கிட்டார்கள். இளையவர்களின் பணம் முதியவர்களின் செலவை ஓசைப்படாமல் தாங்கியது. 2008 ஜனவரியில் குழுவை இரண்டாகப் பிரித்தார்கள். ஓய்வூதியர்களின் பிரீமியம் எகிறியது. இருபது வருடமாகச் செய்துவந்தது வாக்குறுதி ஆகாதா என்று அவர்களின் சங்கம் வழக்குப் போட்டது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2011-இல், வெளிப்படையாக எழுதாமல்கூட சில சூழ்நிலைகளில் இப்படியொரு உரிமை உருவாகலாம் என்றது. அவர்கள் சந்தோஷப்பட்டது கொஞ்ச காலம்தான். வழக்கு நடந்த மத்திய நீதிமன்ற வரிசையில், 2014-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வழக்கில் அப்படி ஓர் உரிமை உருவாகவில்லை என்று கவுண்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கம் வேறு, கடப்பாடு வேறு என்று ஆகிவிட்டது.

கடன் வாங்கி ஒரேயடியாக ட்ரஸ்டை நிரப்பியவர்களும் உண்டு. மிச்சிகனில் ஓக்லண்ட் கவுண்டி 2007-இல் சுமார் 55 கோடி டாலர் அப்படித் திரட்டியது. அடுத்த வருடமே சந்தை சரிந்தது. உயர்ந்த கடன் தரமதிப்பு உள்ள பணக்காரக் கவுண்டி என்பதால் தாக்குப் பிடித்தது. எங்கள் போர்டில் யாராவது இந்த யோசனையை எடுத்தால் நான் எதிர்த்துத்தான் குறிப்பு எழுதுவேன்.

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதைவிட அமைதியானது: பழையவர்களைத் தொடாமல் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சலுகையைக் குறைப்பது. லாஸ் ஏஞ்சலஸில் 2014 ஜூன் 30-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியருக்கு மட்டும்தான் மானியம், குடும்பத்துக்கு இல்லை. 65 ஆனதும் மெடிகேரில் சேர்ந்தே ஆக வேண்டும். வேறு சில இடங்களில் பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்பதை மாற்றி மாதம் இத்தனை டாலர் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தத் தொகை பல வருடம் அசையாது.

உங்கள் மனைவி புதிதாகச் சேர்பவர் என்பதால் அவருக்குப் புது டியர்தான் இருக்கும். ஹெச்.ஆரில் வாய் வார்த்தையாகச் சொன்னதை விட்டுவிட்டு, சங்க ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்: சதவீதமா டாலரா, எத்தனை வருட சர்வீஸ் வேண்டும், கணவருக்கும் உண்டா, "கவுண்டி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்" என்ற வரி இருக்கிறதா. அப்புறம் கவுண்டியின் வருடாந்திர நிதி அறிக்கையை இணையத்தில் இறக்கி, ஓபெப் குறிப்பைத் தேடுங்கள். மொத்தக் கடனில் எத்தனை சதவீதத்துக்கு ட்ரஸ்டில் பணம் இருக்கிறது என்று ஒரு அட்டவணை இருக்கும். பூஜ்யம் என்று இருந்தால், பேசிய சம்பளத்திலிருந்து தனியாக ஒரு தொகையை மருத்துவத்துக்கென்று இப்போதே எடுத்து வைக்கத் தொடங்குங்கள். நானும் என் மனைவியும் அப்படித்தான் செய்கிறோம், இத்தனைக்கும் நான் பழைய டியர்.