ஊசி எப்போது, இட்லி எப்போது?

கேள்வி: எனக்கு வயது 59. காலையும் இரவும் 30/70 இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தட்டில் இட்லியை வைத்துவிட்டுத்தான் ஊசி போடுவேன். போட்ட கையோடு சாப்பிட்டுவிடுவேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 260, 270 என்று நிற்கிறது. ஆனால் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குக் கை நடுங்கி வியர்க்கிறது. என் தம்பியும் இன்சுலின்தான். பேனாவில் குத்திக்கொண்டு உடனே சாப்பிடுகிறான், அவனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. நான் இரண்டு யூனிட் கூட்டிக்கொள்ளலாமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: கூட்டாதீர்கள் அம்மா. டிபனுக்குப் பிறகு 260, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நடுக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அளவைவிட நேரத்தின் மேல்தான் சந்தேகம்.

உங்கள் பாட்டிலில் முப்பது பங்கு ரெகுலர் இன்சுலின், எழுபது பங்கு மெதுவாக வேலை செய்யும் என்.பி.ஹெச். ரெகுலர் இன்சுலினின் மூலக்கூறுகள் ஆறாறாக ஒட்டிக்கொண்டிருப்பவை. தோலுக்கடியில் அவை பிரிந்த பிறகுதான் ரத்தத்தில் கலக்கும். வேலையைத் தொடங்கவே அரை மணி ஆகும். முழு வேகம் பிடிக்க இரண்டிலிருந்து நாலு மணி நேரம். இட்லி அதுவரை காத்திருக்குமா? நீங்கள் எட்டு மணிக்கு ஊசியையும் இட்லியையும் ஒன்றாக இறக்கினால், ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் சர்க்கரை ஏறிவிடும், மருந்து அப்போதுதான் சூடு பிடிக்கும். பதினொன்றரைக்கு மருந்து நல்ல வேகத்தில் இருக்கும், கூடவே என்.பி.ஹெச்சும் சேர்ந்துகொள்ளும், வயிற்றில் இட்லி இருக்காது. நடுக்கம் வராமல் என்ன செய்யும்? இதில் இரண்டு யூனிட் கூட்டினால் காலைக் கணக்கு கொஞ்சம் இறங்கலாம். பன்னிரண்டு மணி நடுக்கம் மயக்கத்தில் போய் நிற்கலாம்.

தம்பி கதை வேறு. அவர் பேனாவில் இருப்பது லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் மாதிரியான வேக இன்சுலினாக இருக்க வேண்டும். தோலுக்கடியில் சட்டென்று பிரியும்படி மூலக்கூறிலேயே சிறு மாற்றம் செய்தவை அவை. பத்து, பதினைந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். அதனால் சாப்பாட்டுக்குச் சற்று முன் போட்டாலே போதும். பேனா என்பதால் வந்த வசதி இல்லை இது. உங்கள் 30/70 மருந்தும் பேனாவில் வருகிறது. பெட்டியில் உள்ள பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் ஊசியைத் தொடாதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நடுக்கம் வரும்போதும் இதே வைத்தியம்தான். சர்க்கரை சரியாக இருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஊசி. இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றும்போது போட்டால், வெந்து இறக்கி, சட்னி தாளித்து உட்கார நேரம் சரியாக வரும். அதற்கப்புறம் பூஜை, பால் கணக்கு, மகளின் போன் எதுவும் குறுக்கே வரக்கூடாது. குளியலும் பூஜையும் முடித்துவிட்டே ஊசியை எடுங்கள். மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போடாதீர்கள். காலையில் போட்ட என்.பி.ஹெச் அந்நேரம் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

கல்யாண வீட்டில் மட்டும் கடிகாரத்தை நம்ப வேண்டாம். 'அடுத்த பந்தி உங்களுக்குத்தான்' என்பார்கள். அந்தப் பந்தி வர முக்கால் மணி ஆகும். இடம் உறுதியான பிறகு போடுங்கள். அன்றைக்கு ஒரு வேளை சர்க்கரை கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, மண்டபத்தில் மயங்கி விழுவதுதான் ஆபத்து. இரவு ஊசி போட மறந்து சாப்பிட்டு முடித்துவிட்டால், படுக்கப்போகும்போது ஈடுகட்டப் போடாதீர்கள். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் யாருக்கும் தெரியாது. டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள்.

ஊசி போடும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டியிருந்தால் மருந்து ஒழுங்காக இறங்காது. வயிற்றில் போட்டால் வேகம் அதிகம், தொடையில் குறைவு. வயிறு என்றால் வயிறு. அதற்குள்ளேயே தினமும் இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள்.

மதிய நடுக்கத்தை அடுத்த செக்கப் வரை வைத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போட்ட நேரம், முதல் வாய் சாப்பிட்ட நேரம், காலை வெறும் வயிற்றிலும் டிபன் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பதினொன்றரைக்கும் பார்த்த சர்க்கரை, இவற்றை நாலைந்து நாள் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம். ஒருவேளை அளவைக் குறைக்கச் சொன்னாலும் சொல்வார்.

இன்னொன்று. மருந்து தீர்ந்துபோன அன்று தம்பியின் பேனாக் குழாயிலிருந்து உங்கள் சிரிஞ்சில் உறிஞ்சிவிடாதீர்கள். சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கானது. பேனாக் குழாயில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சில் 16 என்று காட்டும் இடத்தில் 40 யூனிட் உள்ளே போய்விடும்.